கதாநாயகன் வாயைத் திறக்கவில்லை

ஜூன் 4

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம், உன் படத்தைப் பார்த்த பிறகும் நலம்தான்.

நீயே எடுத்து நீயே நடித்தது என்று பெருமையடித்து, சித்தி சித்தப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எனக்கு நன்றாக வேண்டும். வெளிநாட்டில் ஒருவன் லிஃப்டில் ஏறுகிறான், அது நீ. எதிரே இன்னொருவன். பேச்சே இல்லை. லிஃப்டும் நிற்கவில்லை. லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்த உன் அப்பா பதறிப்போனார்: "எந்த மாடிக்குடா பட்டனை அமுக்கின?" சித்தப்பா குறட்டை. கடைசியில் நீ சுவரைப் பார்த்து, "ஆணா, பெண்ணா, நான் யாரை விரும்புகிறேன்?" என்கிறாய். சித்தி என் பக்கம் திரும்பி, "யாரையாம்க்கா?" என்றாள்.

உன் அம்மா

ஜூன் 19

அம்மா,

அது லிஃப்ட் இல்லை. மனத்தின் செங்குத்தான தனிமை. விடை சொல்வது கலையின் வேலை அல்ல. இங்கே திரைப்பட விழாவில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். சிலர் வெளியே போவதற்காக.

உன் மகன்

ஜூலை 2

கண்ணு,

கலை கிடக்கட்டும். நீ அனுப்பும் போட்டோ எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு தோள் தெரியும். லிஃப்டில் எதிரே நின்றவனைப் பார்த்ததுமே அந்தத் தோள்தான் என்று தெரிந்துவிட்டது. அவன்தானே? சுற்றி வளைக்காமல் ஒரு வரி எழுது. தயவுசெய்து படமாக எடுத்து அனுப்பாதே.

அம்மா

ஜூலை 15

அம்மா,

ஆமாம். அவன்தான். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். படத்தில் கேட்டது எனக்குக் கேள்வியே இல்லை, விடை எப்போதோ தெரியும். உங்களிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. வேண்டாம், சொல்லாதே. ஐயோ, எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 29

கண்ணு,

சொல்லிவிட்டேன். அப்பா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"இதைச் சொல்லவா அவ்வளவு பெரிய படம் எடுத்தான்?"

"பயந்திருக்கான்ங்க."

"எனக்குப் பயந்தா?" என்றார். அப்புறம் சோறு இறங்கவில்லை அவருக்கு. கையைக் கழுவிவிட்டு முகத்தையும் கழுவிக்கொண்டார், வெகுநேரம்.

எனக்கும் பழக நாளாகும்டா. சித்தி வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் வாருங்கள். கீழே அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், இடம் விடுகிறேன்.

அம்மா

பையன் என்ன வேலை பார்க்கிறான்? சினிமா இல்லையே?

அப்பா