அக்தோஸின் வயிறு

அன்புள்ள அம்மாவுக்கு பெகிமாயின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

அல்மாத்தியில் நான் பார்த்துக்கொள்ளும் நாய் அக்தோஸ், முதலாளியின் காலுறையை விழுங்கிவிட்டது. தானாக வெளிவராவிட்டால் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார் மருத்துவர். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

இன்று காலை நடக்கப் போனபோது அக்தோஸ் மரத்தடியில் குந்தியது. வழக்கம்போல் பையில் அள்ளக் குனிந்தால், காலுறை! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அள்ளிட்டியா?" என்று தினமும் மாடி வீட்டு ஜன்னலிலிருந்து அதட்டும் ஷாவ்லே அக்காவுக்கும் விஷயம் தெரியும். இன்று, "வந்துடுச்சா?" என்றாள்.

"முழுசா வந்துடுச்சு அக்கா."

"அப்பாடா. அதைக் குப்பையில போட்டுட்டு, கையக் கழுவிட்டு மேல வா. டீ ஆறுது."

இந்த ஊரில் ஒருவர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. நம் வீட்டு உலர்தயிர் உருண்டைகள் கொஞ்சம் அனுப்புங்கள், அவளுக்கும் சேர்த்து.

நாய் கதவைச் சுரண்டுகிறது, ஓடுகிறேன்.

மகள்,
பெகிமாய்