கார்டில் இருந்த குட்டி சுவிட்ச்

12.11.1998, வியாழன்

பதினொரு நாள் அளவீடு போய்விட்டது. மலை மேல் மிளகுத் தோட்டத்தில் நட்ட கருவிகள் மண்ணின் ஈரத்தை அளந்துகொண்டுதான் இருந்தன. அவற்றைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் கார்டுதான் எதையும் அனுப்பவில்லை. கோப்பு முழுக்கப் பூஜ்யம்.

என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு, இங்கே வயர் இழுத்த கபீர் பாய் மீது சந்தேகம். பேளுக்குறிச்சியில் ரேடியோ கடை வைத்திருப்பவருக்கு ஆய்வுக்கூட வேலை என்ன தெரியும் என்று நேற்று போனில் கத்தினார்.

இன்று காலை கொட்டுகிற மழையில் பாய் பஸ் ஏறி மலைக்கு வந்தார். வயர்களையெல்லாம் சோதித்துவிட்டு, கணினியைத் திறந்து கார்டைக் கழற்றினார். அதன் ஓரத்தில் இடம் மாறியிருந்த குட்டி சுவிட்சை நகத்தால் பழைய இடத்துக்குத் தள்ளினார். திரும்ப மாட்டியதும் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

முதல் தேதி தூசு துடைக்க அந்தக் கார்டைக் கழற்றியவள் நான்தான்.

"என் கைதான் பட்டிருக்கும், பாய்."

"விடுங்க அம்மணி. சார்கிட்ட லூஸ் கனெக்சன்னு சொல்லிப்போடுங்க. வயர் இழுத்தவன் நான்தானுங்களே. திங்கக்கிழமை வந்து அந்த சுவிட்ச் நகராம ஒட்டித் தாரேன்."

சாயங்காலம் டெலிபோன் பூத்திலிருந்து பேராசிரியரை அழைத்து, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரிம்மா, இனி கவனமா இரு. ஆனா அந்த ஆள் வேண்டாம். நான் இங்கிருந்து ஒருத்தரை அனுப்புறேன்."

வாதாடியிருக்கலாம். "சரி சார்" என்று வைத்துவிட்டேன்.

பாய் கடையில் போன் கிடையாது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். நான்தான் சொல்ல வேண்டும்.