வெள்ளி வேண்டாம்

வேலம்பாளையம்
20.1.1996

அம்மிணி பழனியம்மாளுக்கு,

சாயப்பட்டறைச் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன் பெருமாள்சாமி எழுதுவது. நீ சேலத்தில் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிறாய். நான் இங்கே கெமிஸ்ட்ரியையே கட்டி மேய்க்கிறேன். வெள்ளித் தண்ணி தொண்டைப் புண்ணை ஓட்டிவிடும் என்று ஒரு நோட்டீஸில் படித்தேன். உன் அத்தையின் கொலுசு இரண்டையும் டம்ளர் தண்ணியில் தொங்கவிட்டு, மூன்று ரேடியோ பேட்டரியை மாட்டினேன். சுத்தத் தண்ணியில் கரண்ட் படுத்தே கிடந்தது. உப்பில்லாமல் எந்தச் சாயம் துணியில் ஏறும்? பட்டறை உப்பு ஒரு பிடி போட்டேன். மோர் மாதிரி வெள்ளை பொங்கியது பாரு, நாலு ஊர்க் காக்கா மயங்கி விழுந்தது!

தினம் ஒரு டம்ளர் குடிக்கிறேன். நேற்று தும்மினேன், அவிநாசிபாளையத்தில் பஸ் நின்றுவிட்டதாம். கொலுசு டம்ளருக்குப் போனதில் அத்தை மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. அதுவும் மருந்தின் குணம்தான்.

நீ என்ன சொல்கிறாய்?

மாமன்


சேலம்
27.1.1996

அன்புள்ள மாமா,

வெள்ளி வேண்டவே வேண்டாம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். திருத்த நூற்றைம்பது பேப்பர் கிடப்பதால் இந்தக் கார்டு. காரணத்தைப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

பழனி


வேலம்பாளையம்
11.8.1996

அம்மிணிக்கு,

கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆவணி இருபது அன்று உன் நெற்றியில் பட்டம் கட்ட இந்தத் தாய்மாமன் கை இப்போதே துடிக்குது. பிறகு எழுதுகிறேன் என்றாயே, ஆறு மாதமாகப் போஸ்ட்மேனை மிரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உன் சொல்லை மீறவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மற்ற ஆறு நாளும் இரண்டு டம்ளர். வெள்ளிக்கிழமைக்கு என்ன தோஷம் என்றுதான் விளங்கவில்லை.

இன்னொரு குழப்பம். முகம் நீலம் பாரிச்சிருக்கு. "நேவி ப்ளூ தெறிச்சிருக்குதுங்க மாஸ்டர், கழுவிட்டு வாங்க" என்று பட்டறையில் தினமும் கிண்டல். கழுவாமலா? துணியில் சாயம் உரிக்கிற ஹைட்ரோஸ் போட்டே கழுவினேன். தோல் உரிந்தது; நீலம் சிரித்தது. ஆனால் ரெண்டு மாதமாக எங்களுக்கு எல்லாம் மெரூன் ஆர்டர். நீ சொல்லு கண்ணு, மெரூன் சாயத்தில் மனுஷன் எப்படி நீலமாவான்?

மாமன்


சேலம்
15.8.1996

மாமா,

நான் சொன்னது கிழமை இல்லை, உலோகம்! கொலுசு வெள்ளி! அதைத்தான் குடிக்க வேண்டாம் என்று எழுதினேன். அந்த வெள்ளி உடம்பில் தங்கி, வெளிச்சம் படப்படத் தோலை நீலச் சாம்பலாக்கும். உங்கள் முகத்தில் இருப்பது தெறித்த சாயமில்லை, உள்ளிருந்து வந்தது. போகாது என்றுதான் புத்தகம் சொல்கிறது. இன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

எழுத வேண்டியது நாலு வரி. ஆறு மாதத்தில் எனக்கு அதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பழனி


வேலம்பாளையம்
22.8.1996

அம்மிணி,

தண்ணியைக் கொட்டிவிட்டேன். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். நிறத்தைப் பற்றிக் கேட்டேன், அது போகாது, வெயிலில் அலைய வேண்டாம் என்றார். உன் மேல் தப்பில்லை. கார்டைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று நானும் கேட்கவில்லையே.

கல்யாணத்துக்குத் தம்பி கிட்டுசாமி வருவான். அவனும் தாய்மாமன்தானே, பட்டம் கட்டட்டும். வீடியோக்காரன் லைட் போட்டால் நான் கிருஷ்ண பரமாத்மா மாதிரித் தெரிவேன். சனம் உன்னை விட்டுவிட்டு என்னைக் கும்பிடும். மாப்பிள்ளை வீட்டார் இதை ஏதாவது வியாதி என்று நினைத்துவிட்டால்? வேண்டாம் கண்ணு.

பெருமாள்சாமி


சேலம்
27.8.1996

மாமா,

கிட்டுசாமி மாமா பந்தியைக் கவனிக்கட்டும். நீங்கள் வந்து பட்டம் கட்டும்வரை நான் மணையை விட்டு எழ மாட்டேன். முகூர்த்தம் தப்பினால் தப்பட்டும். மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "தொத்துங்களா?" என்றார். "தொத்தாதுங்க" என்றேன். "அப்புறம் என்னங்க?" என்றார்.

வீடியோ வேண்டாம் என்றாகிவிட்டது. போட்டோக்காரரிடம் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் போட வேண்டும் என்றேன். "இந்தக் காலத்துலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆல்பத்தில் மாப்பிள்ளையிலிருந்து சமையல்காரர் வரை அத்தனை பேரும் சாம்பல் நிறம்தான்.

பழனி