உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார்கள்

இதை யாரிடமும் காட்டாதே, ப்ளீஸ். உன்னால் காட்ட முடியாது என்று தெரிந்தும் கெஞ்சுகிறேன். நான் படித்துக்கொண்டிருப்பதாக அம்மா நினைக்கிறார். உன்னிடம் இரவல் வாங்கிய கணக்குப் புத்தகத்துக்குள் தாளை மறைத்து எழுதுகிறேன். பக்கங்களில் இன்னும் நீ நெற்றியில் தடவும் தைலத்தின் வாசம். நீ போய்ப் பதினைந்து நாளாகிறது.

நான்கு வருடம் ஒரே மேசை. சிம்பாங் பூலாயிலிருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே உன் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவாய். நான் எதையும் சொன்னதில்லை.

"ஒங்கப்பாவ காணவே காணோமேடி?"

"ஜொகூர்ல வேலை லா."

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பார் அம்மா. ஆனால் என் பயம் அதுவல்ல. சொன்னால் நீ கட்டிக்கொள்வாய். நான் அழுதுவிடுவேன்.

அன்று பஸ் நிறுத்தத்தில் என் தோளில் சாய்ந்தாய். "சிரிக்காதடி. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணுமாம். எனக்குப் பயமா இருக்கு."

நான் தோளை விலக்கிக்கொண்டேன். "டிராமா போடாத லா. ஸ்கூலுக்கு எம்சி லீவு கெடைக்குது, ஜாலியா இரு."

"போடி, நீ கல்லு" என்று சிரித்தாய். வார்டிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்திகளுக்கெல்லாம் ஸ்டிக்கர்தான் அனுப்பினேன். பரீட்சை என்று பொய் சொல்லிப் பார்க்கவும் வரவில்லை.

நாளை உனக்குப் பதினாறாம் நாள். உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைக்கப்போகிறார்கள். இன்று மாலையில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வீட்டுல எதப் போட்டாலும் திம்பா கண்ணு, இதுதான் வேணும்னு கேட்டதே இல்ல. ஸ்கூல்ல என்ன ஆசையா வாங்குவா? ஒனக்குத்தான தெரியும்?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "மீ கோரெங், ஆன்ட்டி."

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மீ கோரெங், அந்த வறுத்த நூடுல்ஸ், எனக்குப் பிடித்தது. நீ தினமும் கேண்டீனில் அதை வாங்கி, நாலு வாய் தின்றுவிட்டு, "எனக்குப் போதும்டி, நீ தின்னு" என்று என் பக்கம் தள்ளுவாய். உனக்கு எது பிடிக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நீயும் என்னைக் கேட்பாயே.

நாளை உன் அம்மா அழுதுகொண்டே உன் இலையில் என் சாப்பாட்டை வைப்பார். உண்மையைச் சொல்லிவிட மூன்று முறை போனை எடுத்தேன். உங்கள் மகளை எனக்குத் தெரியாது, ஆன்ட்டி என்று எந்த வாயால் சொல்வது? அவருக்கு இப்போது இருப்பது, உனக்கு நான் இருந்தேன் என்ற ஒரு நம்பிக்கைதான்.

கதவு தட்டும் சத்தம். அம்மா.

"இன்னும் தூங்கலியா? ஒன் கூட்டாளியோட அம்மா லைன்ல இருக்காங்க. மீ கோரெங்ல முட்டை போடணுமா வேணாமான்னு கேக்கறாங்க. வந்து பேசு."

வாரேம்மா என்றேன். சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன், உனக்கு என்ன பிடிக்கும் என்று நான் உன்னிடம் ஒருநாளும்