ரெசின் இறுகிய சுண்டு

2025.02.12, புதன், காலை 6.40

நானா,

ஒரு பிழையை ஒத்துக்கொள்கிறேன். அரிசி அளக்கும் சுண்டை நான்தான் கேட்காமல், படகு திருத்தப் பழகும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். உங்கள் படகின் வெடிப்பை அடைக்க அதில் ரெசின் கலந்தேன். இறுக வைக்கும் ஹார்ட்னரை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன் போல, பூசுமுன்னே சுண்டுக்குள் கல்லாகிவிட்டது.

அதைப் பட்டறையில் நீங்கள் பார்த்தீர்கள். ஆனாலும் நேற்று உம்மா சுண்டைத் தேடிக் கத்தியபோது, "ஓம் உம்மா, தண்ணி எறைக்கக் கொண்டுபோய்க் கடல்ல உட்டுட்டேன்" என்றீர்கள். "பொம்புளப் புள்ள ஒட்டின போட்டுல எவன் கடலுக்குப் போவான்?" என்று பயிற்சிக்கே விடாமல் சண்டை பிடித்த நானாவா இது? படகையும் தந்து, ஏச்சையும் வாங்கிக்கொண்டீர்கள். மறக்காமலிருக்க என் கொப்பியில் இதை இரண்டு தரம் எழுதி வைத்திருக்கிறேன்.

மீன் ஆணம் அடுப்படியில், பாண் அலுமாரியில் இருக்கிறது. எழும்பிச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு றுக்கியா மாமியிடம் கொடுங்கள். பின்னேர வகுப்பு முடிந்து நான் வர மஃரிப் தொழுகை நேரம் கழியும்.

பட்டறையில் தந்த முதல் மாதக் கொடுப்பனவில் புதுச் சுண்டு வாங்கிவிட்டேன். உம்மாவிடம் இன்றிரவு நானே உண்மையைச் சொல்கிறேன்.

தங்கச்சி றிஸ்லா

பி.கு. இரண்டாவது கலவை நன்றாகப் பிடித்திருக்கிறது. மூன்று தரம் தட்டிப் பார்த்தேன். என்றாலும் எனக்குச் சந்தேகம்தான்.

நாளைக்குச் செய்வது: படகைக் களப்பில் முழங்கால் தண்ணீரில் இறக்கி, நீங்கள் ஏறுமுன் நான் அரை மணித்தியாலம் அதில் உட்கார்ந்து, தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பது.