காஸ் பை வற்றிய வாரம்

கார்த்திகை 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை உச்சி தெரியவில்லை. நான்கு மாட்டுக்கும் அம்மை. கன்று போட்ட செவலைதான் மோசம். காலெல்லாம் வீக்கம், கட்டி உடைந்து சீழ். தீனியைத் தொடவில்லை.

மாட்டு டாக்டர் வந்தார். தினமும் ஊசி போடவேண்டுமாம். கிளம்பும்போது சொன்னார்: "சாணத்துல மருந்து இறங்கும்மா. தொட்டியில கரைச்சீங்கனா காஸ் பிடிக்காது. தனியா கொட்டிடுங்க."

சாண காஸ் இல்லையென்றால் ஜெனரேட்டர் ஓடாது. கரண்ட் போனால் வீட்டுக்காரருடைய ஆக்சிஜன் மெஷினுக்கு அதுதான் கதி. நுரையீரல் கெட்டதிலிருந்து மூக்கில் குழாயோடுதான் இருக்கிறார்.

ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று அவரிடம் கேட்டேன். கோபம். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"வாயில்லா ஜீவன்டி. அது என்னா பாவம் பண்ணுச்சி? போடச் சொல்லு. எனக்கு கரண்டு இருக்குது இல்ல?"

போடச் சொன்னேன்.

5, புதன்

மழை ஜாஸ்தி. பக்கத்து வீட்டில் சாணம் கேட்டுப் போனேன். அங்கேயும் அம்மை. அடி அண்ணாமலை ஊர் முழுக்க இதே பேச்சு. காஸ் சேரும் ரப்பர் பை பாதி தொங்கிவிட்டது. ஜெனரேட்டர் மாட்டிக்கொடுத்த பஷீர் பாய் வந்து தட்டிப் பார்த்தார்.

"கம்மியாதான் இருக்குதுக்கா. இந்தக் குளிருக்கும் பிடிக்காது. பாத்து ஓட்டுங்க."

சென்னைக்கு, மகனுக்குப் போன். லீவு கேட்டிருக்கிறானாம்.

வாங்க வேண்டியது: வேப்பெண்ணெய், உப்பு, அவருக்கு ரொட்டி.

7, வெள்ளி

பேய்க்காற்று. மதியம் கம்பம் சாய்ந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டேன், மெஷின் ஓடியது. "செவலை எழுந்துச்சா?" என்றார். எழுந்தது, தண்ணீர் குடித்தது என்றேன். சிரித்தார்.

சாயங்காலம் பை தரையோடு ஒட்டிவிட்டது. இன்ஜின் திணறி நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கிரிவலப் பாதையில் தண்ணீர், வந்து சேரவே நேரமாகிவிட்டது. பாயும் நானும் தூக்கி ஏற்றினோம். உதடெல்லாம் நீலம். வழி முழுக்க என் கையை விடவில்லை.

9, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். மகன் வந்து சேர்ந்தபோது மூச்சு இருந்தது. அது போதும்.

25, செவ்வாய்

வெயில். நேற்று கருமாதி முடிந்தது. "எல்லாத்தையும் வித்துட்டு எங்கூட வந்துடும்மா" என்கிறான் மகன்.

மாடுகள் தேறிவிட்டன. ஊசி நின்றதிலிருந்து சாணம் தொட்டிக்குப் போகிறது. மகன்தான் கரைக்கிறான். பை உப்பிக்கொண்டு நிற்கிறது. பாய் வந்து இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தார். "எதையாச்சும் இதுல மாட்டுங்கக்கா, லோடு இல்லாம சும்மா ஓடக் கூடாது." எதை மாட்டுவது? நிறுத்தச் சொன்னேன்.

இத்தனை நாளாகச் செவலையின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று தீனி வைக்கக் குனிந்தேன், தோளை நக்கியது. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அது நகரவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். உடம்பெல்லாம் தழும்பு அதற்கு.

இன்று கறக்கவில்லை. கன்று குடிக்கட்டும்.