துரைசாணியின் குட்டை

மார்ச் 4, செவ்வாய்

துரைசாணியின் குட்டையை மூடிவிட்டார்கள். நேற்று எனக்கு வார விடுமுறை. அந்த ஒரு நாளில் மண்ணைக் கொட்டி, மேலே சிமென்ட் பூசி, வேலையை முடித்தேவிட்டார்கள். அநியாயம் என்றுதான் எழுதுவேன். வேறு சொல் தேடமாட்டேன்.

இந்த விலங்குப் பூங்காவில் பதினேழு வருடமாக எருமைக் கொட்டில் என் பொறுப்பு. புதிதாக வந்த மேலாளர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாக்க வர்றவங்க மூக்கப் பொத்திக்கிறாங்க பெரியம்மா. இப்பப் பாருங்க, எவ்வளவு சுத்தம்!" என்கிறார்.

சுத்தம்தான். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி. அதன் நடுவில் என் எருமை துரைசாணி, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறாள்.

மார்ச் 5

பசுவுக்கு வேர்க்கிற அளவுக்கு எருமைக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டைச் சேற்றிலும் தண்ணீரிலும்தான் இறக்கிவைக்கும். எனக்கு இதை யாரும் பாடம் நடத்தவில்லை. முதுகில் கை வைத்தால் தெரிந்துபோகும்.

இன்று முதுகு கொதித்தது. தோட்டத்து மண்ணை வாளியில் குழைத்து வந்து பூசினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மேலாளர் பார்த்துவிட்டார்.

"இன்னொரு வாளி சேறு உள்ள வந்துச்சுன்னா உங்கள பறவைக் கூண்டுக்கு மாத்திடுவேன்."

மாத்திப் பார்க்கட்டும்! நான் போய்விட்டால் இவளை யார் பார்ப்பார்கள்?

மார்ச் 7

தீவனத்தில் பாதி அப்படியே கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

மேலாளர் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வந்தார். குழந்தைகள் விளையாடிக் குளிப்பது. "இதுல படுத்துக்கட்டும்" என்றார். துரைசாணி முகர்ந்து பார்த்தாள். முன்காலை எடுத்து வைத்தாள். தொட்டி டப்பென்று இரண்டாகப் பிளந்தது. மேலாளர் முகம் போன போக்கில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டில் மருமகளிடம் சொன்னேன். "அத்தை, உங்களையும் அவளையும் ஒரே அச்சுல வார்த்திருக்காங்க. ரெண்டு பேரும் புடிக்காத எடத்துக்கு நகரவே மாட்டீங்க" என்றாள். திட்டினாளா, பாராட்டினாளா? பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 11

பலகை எழுதுகிறவர் வந்திருந்தார். எல்லாக் கூண்டிலும் ஆங்கிலப் பெயர் எழுத வேண்டுமாம்.

"எருமைக்கு இங்கிலீஷ்ல என்னக்கா? சார் குடுத்த காகிதத்துல இது மட்டும் விட்டுப்போச்சு."

விட்டுப்போகாமல் என்ன செய்யும்.

என் அகராதியை எடுத்தேன். பள்ளிக்கு இரண்டு வருடம் போனவள் நான். ஆங்கிலத்தை இந்த அகராதியில்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கற்றேன். விரல் வைத்துத் தேடினேன். இருந்தது: வாட்டர் பஃபலோ.

வாட்டர் என்றால் தண்ணீர்! இன்னொரு முறை படித்தேன். எங்கேயோ இருந்த வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, இவளைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்று. பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை.

"அப்படியே எழுதுங்க. கீழ தமிழ்ல அர்த்தத்தையும் போடுங்க."

"சார் வைவாரேக்கா?"

"அர்த்தம் தப்பான்னு அவரையே கேளுங்க."

எழுதினார். 'வாட்டர் பஃபலோ. பொருள்: தண்ணீர் எருமை.' நானாக ஒரு சொல்லும் கூட்டவில்லை.

மார்ச் 15, சனி

இரண்டு பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகள். முன்னால் நின்ற சிறுமி பலகையை உரக்கப் படித்தாள். கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எங்க?"

டீச்சர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் துரைசாணியைப் பார்த்தேன்.

"குடிக்கக் குழாய்ல இருக்கு பாப்பா" என்றார் மேலாளர்.

"குடிக்க இல்ல அங்கிள். படுக்க!"

அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். தண்ணி எங்க, தண்ணி எங்க! சாயங்காலம்வரை வந்த கூட்டமெல்லாம் அதையே கேட்டது. நான் பாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தேன். வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

மார்ச் 16

மேலாளர் தன் மகளைப் பூங்காவுக்குக் கூட்டிவந்தார். அவளும் கேட்டாள்.

மார்ச் 17, திங்கள்

எனக்கு விடுமுறை. இருந்தும் போனேன். விடுமுறையை நம்பி ஒருமுறை ஏமாந்தது போதும்.

"பலகைய அழிச்சிடலாமான்னு யோசிச்சேன் பெரியம்மா."

"அழிங்க. அவ முதுகுச் சூட்ட எத வச்சு அழிப்பீங்க? கைய வச்சுப் பாருங்க சார்."

நடுப்பகல் வெயில். தயங்கித் தயங்கி வைத்தார். உடனே எடுத்துவிட்டார். "இவ்ளோ சூடா?"

இந்தக் கேள்வியைச் சிமென்ட் வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். நான் அதை மன்னிக்கவில்லை.

மார்ச் 20

உடைத்தார்கள்! காலையிலிருந்து கடப்பாரைச் சத்தம். என்ன சுகமான சத்தம் அது.

பிற்பகலில் கொட்டிய மண்ணையும் அள்ளிவிட்டுத் தண்ணீர் விட்டோம். துரைசாணி கரையில் நின்று யோசித்தாள். பிறகு முன்னங்காலை மடித்து, பெருமூச்சு விட்டு, அப்படியே அமிழ்ந்தாள். கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே. வாலைச் சுழற்றி ஓர் அடி அடித்தாள் பாருங்கள், மேலாளரின் வெள்ளைச் சட்டை காலி. அவர் சிரித்தார். நானும் — சரி, நானும்தான்.

மார்ச் 22, சனி

இனிமேல் செய்ய வேண்டியவை. கொட்டில் சுவரில் ஒட்ட:

வாரம் இருமுறை குட்டைத் தண்ணீரை மாற்றுவது — தோட்டக்காரர். பழைய தண்ணீர் செடிகளுக்கு.

நாற்றம் வராமல் சாணத்தை அவ்வப்போது அள்ளுவது — நான். மேலாளர் சொன்னதில் இது ஒன்று நியாயம்.

தீவனம் — நான். முழுக்கூடை. மிச்சம் வைப்பதில்லை.

சாயங்காலம் அவளைக் கரையேற்றுவது — யாராலும் ஆகாது. அவளாக வரட்டும்.

காலையில் இறங்கிக் காலால் சேறு குழைத்துவிடுவது — மேலாளர். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஷூவைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.